பூவுக்கு ஏற்ற புடவை

இரவு பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி விழித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அல்லது மறுநாள் வரப்போகும் கல்வி அதிகாரியை நினைத்துக் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில், சென்ற ஆண்டுக்கு முந்திய ஆவணி மாதத்தில், இவ்விரண்டுமில்லாத ஒரு காரணத்துக்காக நான் விழித்திருந்தேன். கொல்லைப்புறத்துத் தொட்டியில் பிரம்ம கமலம் பூத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பூவை அறியாத நேயர்கள் இரார். இலை போலத் தோன்றும் தட்டையான தண்டின் ஓரத்திலிருந்து வளைந்து தொங்கும் காம்பில் மொட்டு வரும். பொழுது சாய்ந்தபின் இதழ்கள் மெல்ல விலகும். நள்ளிரவில் உள்ளங்கையைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று விரிந்து வீடு முழுவதும் மணக்கும். விடியுமுன் தலை தொங்கிவிடும். அண்டை அயலார் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். சிலர் சூடம் கொளுத்துவார்கள். உண்மையில் இது பிரம்ம கமலமே அல்ல என்று சொன்னால் அவர்களுக்கு என்மேல் கோபம் வரும். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பத்தாயிரம் அடிக்கு மேல் பாறைகளிடையே பூப்பது. உத்தராகண்ட் மாநிலத்தின் மலர். நம் வீட்டுத் தொட்டியில் இருப்பதோ மெக்ஸிகோ தேசத்துக் காடுகளிலிருந்து வந்த கள்ளி வகை. இலை என்று நாம் நினைப்பது அதன் தண்டு. அந்தத் தண்டில் ஒரு துண்டை வெட்டி மண்ணில் செருகினால் மீண்டும் தளிர்க்கும். அதனால்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, பணம் கைமாறாமல், தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. என் தாயார் அதை ஈரத்துணியில் சுற்றித் திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

அந்த இரவில் ஒரே ஒரு பூ. அம்மாவுக்கு அப்போது 78 வயது. இரவு எட்டு மணிக்கே படுத்துவிடும் வழக்கம். "ஏட்டி, நீ படம் பிடிச்சு வை, நான் காலையில பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நானும் கையிலிருந்த காமிராவைப் பூவுக்கு நேரே நீட்டி, அதன் தலையில் இருந்த பிளாஷ் விளக்கைப் பளிச்சென்று அடித்து, ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டு வெற்றிப் பெருமிதத்தோடு உறங்கப் போனேன்.

காலையில் கம்ப்யூட்டர் திரையில் பார்த்த அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, இது என்ன பூவா, பொரிச்ச அப்பளமா?" என்றார்.

கேள்வி நியாயமானதே. கரிய இருட்டின் நடுவே மேடு பள்ளம் இல்லாத ஒரு வெள்ளைத் திட்டு. இதழ் எது, கேசரம் எது என்று பிரித்தறிய வழியில்லை. பூவோ அதற்குள் வதங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பூவுக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தானாக இயங்கும்படி விட்ட காமிராவுக்கு எதிரில் உள்ளது பூவா புடலங்காயா என்று தெரியாது. சட்டத்துக்குள் அடங்கிய காட்சி முழுவதையும் கூட்டிக் கழித்து, மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வருமாறு ஒளியை அளக்கிறது. பூவைச் சுற்றி இருந்ததெல்லாம் கொல்லை இருட்டு. "ஐயோ, எல்லாம் இருண்டு கிடக்கிறதே!" என்று இரக்கப்பட்டு அது மேலும் மேலும் ஒளியைக் கொட்டியது. இருட்டு எவ்வளவு ஒளியையும் விழுங்கிவிட்டது, பூதான் வெந்துபோயிற்று. ஆக, பூவைக் கெடுத்தது அதற்குப் பின்னால் இருந்த வெறுமை. வெறுமைக்குப் பதிலாக ஒரு திரை இருந்திருந்தால் கதையே வேறு.

இப்படித்தான் நான் பூக்களை வீட்டுக்குள் வைத்து, பின்னால் வர்ணத் திரை கட்டி, பிளாஷ் விளக்கால் படம் பிடிக்கும் வித்தையில் இறங்கினேன். பூவைப் பூத்த இடத்திலேயே, சூரிய வெளிச்சத்தில் படம் எடுப்பதுதான் முறை என்று சிலர் சொல்வார்கள். அவர்களை ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடிக்கு வந்து பார்க்கும்படி அழைக்கிறேன். எங்கள் ஊர் மீனவர் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். ஆண்டில் ஏதாவது ஒரு பெயர் கொண்ட காற்று வீசிக்கொண்டே இருக்கும். கச்சான் காலத்தில் மணல் பறந்து கண்ணில் விழும். அடும்பங்கொடியின் பூ ஒரு விநாடி நேரம் ஓரிடத்தில் நிற்காது. உச்சிவேளையிலோ உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்து, எல்லா வர்ணத்தையும் வெளிற அடித்துவிடும். போதாக்குறைக்கு உப்புக் காற்று. லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்து ஒரு நல்ல கண்ணாடியை நான் இழந்திருக்கிறேன். அதன் பின்னர் காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு, ஊறுகாயைக் காப்பது போலக் காத்து வருகிறேன்.

உப்பளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாத்தியில் உப்பை வாரியபின் அடியில் ஒரு கசப்பு நீர் எஞ்சும். அதில் மக்னீஷியம் உப்புக்கள் மிகுதி. இந்த மக்னீஷியம் என்ற உலோகம்தான் பிளாஷ் விளக்கின் பாட்டனார். அதன் நாடாவைக் கொளுத்தினால் சூரியனைப் போன்ற வெள்ளொளி வரும் என்பது ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்பே படம் பிடிப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1887-ஆம் ஆண்டில் மீத்தே, கெடிக்கே என்ற இரு ஜெர்மானியர் அதைப் பொடியாக்கி, வெடியுப்பைப் போன்ற வேறொரு பொருளுடன் கலந்து, ஒரு நொடியில் எரிந்து முடியும் பிளாஷ் பொடியை உண்டாக்கினார்கள். பழைய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் பேயைக் கண்டவர்களைப் போல விழித்துக்கொண்டிருப்பதற்கு இந்தப் பொடியே பெரும்பாலும் காரணம். வெளிச்சத்தோடு புகையும் வரும். சில சமயம் படம் பிடிப்பவரின் புருவமும் போகும். பூவுக்கு முன்னால் அதைக் கொளுத்தியிருந்தால் மறு படத்துக்குப் பூ மிஞ்சியிராது. 1929-30-இல் கண்ணாடிக் குமிழுக்குள் உலோகத் தகட்டை அடைத்து எரிக்கும் பல்புகள் வந்தன. அதே காலத்தில், 1931-ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்கர்டன் என்ற பேராசிரியர், வாயு அடைத்த குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்ன வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கீழே விழும் பால் துளி கிரீடம் போலத் தெறிக்கும் அவருடைய படத்தைப் பாடப் புத்தகங்களில் பார்த்திராதவர் குறைவு. இன்று நம் காமிராவின் தலையில் இருப்பது அந்தக் குழாயின் குட்டிதான்.

இதன் சிறப்பு என்னவென்றால், அளவாக அடித்தால் அந்த மின்னல் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. மின்விசிறி சுழன்றால் என்ன, ஜன்னல் வழியே கச்சான் புகுந்தால் என்ன? பூ அசைவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. காமிராவின் கதவு மிக விரைவாகத் திறந்து மூடும்படி வைத்தால், விளக்கு மின்னும் நேரத்தில் கதவு பாதிதான் திறந்திருக்கும். படத்தின் ஒரு பக்கம் கரிய பட்டை விழும். பெரும்பாலான காமிராக்களில் விநாடியில் 200-இல் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். இந்தக் கரிய பட்டையைக் காமிராவின் கோளாறு என்று நினைத்து நான் கடைக்குத் தூக்கிச் சென்ற கதையை இங்கே சொல்லப்போவதில்லை.

இனித் திரை. பழைய ஸ்டூடியோக்களில் தூணும் படிக்கட்டும் தூரத்து ஏரியும் தீட்டிய திரைக்கு முன்னால் நம் பாட்டிமார் நின்றிருக்கிறார்கள். பூவுக்கு அத்தனை ஆடம்பரம் ஆகாது. ஒரே வர்ணம் போதும். முதலில் கடையில் சார்ட் காகிதம் பல நிறங்களில் வாங்கிவந்து சுவரில் ஆணியடித்து மாட்டினேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது இரண்டே நாளில் அப்பளமாகச் சுருண்டுவிட்டது. அம்மாவின் உவமையைத் திருப்பிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். சுவரில் ஆணித் துளைகள்தான் மிச்சம். அதைப் பற்றி அம்மா இரண்டு வாரம் பேசினார். அடுத்து என் பட்டுப்புடவையைத் தொங்கவிட்டேன். பட்டு, விளக்கொளியை வாங்கி நம் முகத்திலேயே வீசுகிறது. பூவின் தலைக்குப் பின்னால் இன்னொரு சூரியன் உதித்தது போலாயிற்று. கடைசியில் கைகொடுத்தது நூல் புடவைதான். பளபளப்பில்லாத, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய நூல் புடவை. இதற்கு நிகரான திரையை எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

புடவையின் நிறத்தைவிட முக்கியமானது அது இருக்கும் தூரம். ஒளி தன் மூலத்திலிருந்து விலக விலக, தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது என்று எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுத்த நானே அதை என் வீட்டு முன்னறையில்தான் கண்ணாரக் கண்டேன். விளக்குக்கும் பூவுக்கும் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். பூவுக்குப் பின்னால் 4 அடி தள்ளிப் புடவை. விளக்கிலிருந்து புடவை 6 அடி. அஃதாவது மும்மடங்கு தூரம். அங்கே விழும் ஒளி பூவின்மேல் விழுவதில் 9-இல் ஒரு பங்கே. ஆகவே நீலப் புடவையைப் பூவை ஒட்டிக் கட்டினால் அது பகல் வானம். 4 அடி தள்ளிக் கட்டினால் மாலை வானம். இன்னும் தள்ளினால் நள்ளிரவு. ஒரே புடவையில் ஒரு நாள் முழுவதும் அடங்கிவிடுகிறது. புடவையை ஒட்டிக் கட்டுவதில் வேறொரு தொல்லையும் உண்டு. அதன் வர்ணம் இதழின்மேல் எதிரொளித்து, வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றிவிடும். எங்கள் முன்னறைச் சுவர் இளம்பச்சை. விளக்கை நேரே அடிக்காமல் சுவரில் அடித்துத் திருப்பினால் ஒளி மென்மையாகும் என்று கேள்விப்பட்டு அப்படியே செய்தேன். புன்னைப் பூக்கள் மஞ்சட்காமாலை கண்டவை போல வந்தன. அப்பால் தம்பியின் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் விரித்து, அதன் வழியே ஒளியைச் செலுத்தினேன். இதழின் நரம்புகள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

நெய்தல் நிலத்தில் பிறந்தவளுக்குப் பயிற்சிக்குப் பூவா பஞ்சம்? மல்லிகையும் பிச்சியும் தோவாளைச் சந்தையிலிருந்து வரட்டும். கரையோரத்துப் பூக்களுக்கு விலையே இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பெண் என் வகுப்பில் படித்தாள். விடியற்காலையில் பறித்த அடும்பம்பூவை ஈரத்துணியில் பொதிந்து, பள்ளிக்கூட மணிக்கு முன்பே என்னிடம் கொண்டுவந்து தருவாள். பிற்பகலுக்குள் அது குழைந்துவிடும். ஆகவே அன்று எனக்குக் காலை ஆகாரம் கிடையாது. தாழையை நினைத்தால் இன்றும் விரல் நுனி வலிக்கிறது. மணக்கின்ற தாழம்பூ ஆண் மரத்துப் பூ. நாம் தலையில் சூடும் மடல்கள் இதழ்கள் அல்ல, பூங்கொத்தைப் பொதிந்திருக்கும் உறை. இதையெல்லாம் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தபோது உருப்போட்டிருக்கிறேன். படம் எடுக்கும்போதுதான் நம்பினேன்.

ஆனால் என்னை ஒரு நாள் முழுவதும் நாற்காலியில் கட்டிப்போட்டது பூவரசுதான். எங்கள் தெருமுனையில் நிற்கும் சாதாரண மரம். பிள்ளைகள் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். அதன் பூவை யாரும் சூடுவதில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு பூவைக் காம்போடு பறித்து, மைப்புட்டியில் நீர் ஊற்றிச் செருகி, கருநீலப் புடவைக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தேன். எலுமிச்சை மஞ்சள், நடுவில் குங்குமம் தோய்ந்தாற்போல இருண்ட சிவப்பு. விளக்கையும் புடவையையும் காமிராவையும் அசைக்காமல், பன்னிரண்டு மணிக்கு இன்னொரு படம். மஞ்சளில் கொஞ்சம் காவி ஏறியிருந்தது. மூன்று மணிக்கு ஒன்று. மாலை ஆறு மணிக்கு எடுத்த படத்தில் பூ செங்கல் சிவப்பாகிச் சுருங்கத் தொடங்கியிருந்தது. நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்திருந்தால், வர்ணம் மாறியது பூவா, வெயிலா என்று யார் சாட்சி சொல்வது? காலை வெயில் ஒரு நிறம், அந்தி வெயில் ஒரு நிறம். இங்கே புடவையின் நீலம் நான்கிலும் ஒன்றாகவே இருந்தது. மாறியது பூவரசின் நிறம் ஒன்றே என்று அந்த நீலம் சாட்சி சொல்லிற்று. மறுநாள் வகுப்பில் அந்தப் படங்களைக் காட்டியபோது, பின்வரிசைப் பெண்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். கரும்பலகையில் நான் வருஷக்கணக்காக வரைந்த பூக்களுக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

பூவைப் பறித்து ஒரு தளத்தில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் 99 வகைப் பூக்களைப் பறித்துவந்து, மழை கழுவிய அகன்ற பாறையில் குவிக்கிறார்கள். கழுவிய பாறையைத்தான் புலவர் தேர்ந்தெடுத்தார், பாருங்கள்! சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு நம்மவர்கள் சித்திரம் எழுதிக் கொடுத்தார்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் பெருநூலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படத்தகடுகள். பறித்த கொம்பை முன்னால் வைத்து, வெள்ளைக் காகிதத்தில், வேறெந்தப் பின்னணியுமின்றி, மகரந்தப் பை வரைக்கும் எழுதியவர்கள் இவர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைட் பெயரிட்டார். ஆனாலும் இவ்விருவரைப் பற்றிய விரிவான நூல் எடின்பரோவிலிருந்து, 2007-இல்தான் வந்தது. நம் பாடப்புத்தகங்களில் நான் அவர்கள் பெயரைப் படித்ததில்லை.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்பெல்ட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பெர்லினில் கலைப் பள்ளி மாணவர்களுக்குச் செடிகளின் வடிவத்தைக் காட்டுவதற்காக, 30 ஆண்டுகளுக்கு மேலாக, சாலையோரத்துக் களைகளைப் பறித்துவந்து, வெறும் அட்டைக்கு முன்னால் நிறுத்திப் பெரிதாகப் படம் எடுத்தார். 1928-இல் அவை புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. ஒரே நாளில் புகழ் வந்தது. நான்கே ஆண்டில், 1932-இல், காலமானார். வகுப்புக்காகப் படம் எடுத்த ஆசிரியர் என்பதால் அவரிடம் எனக்குத் தனிப் பாசம். நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும்: 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் புதல்வர்; தாவரவியல் படித்தவர்; காட்டு விலங்குகளைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். பல காமிராக்களின் உறுப்புக்களை ஒட்டுப்போட்டுத் தாமே ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்ட மனிதர். வர்ணம் இல்லாமல், ஒளியையும் நிழலையும் மட்டும் கொண்டு ஒரு யானையின் தோலை எப்படிக் காட்டுவது என்பதை அவர் படங்களைப் பார்த்து அறியலாம். எனக்கு அது பின்னால் பயன்பட்டது.

இத்தனைக்கும் நடுவில், முத்தையும் ஒரு முறை படம் எடுத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முத்துக்குளித்துறையில் பிறந்துவிட்டு முத்தை விடலாமா? எங்கள் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினார்கள். என் பாட்டியின் மூக்குத்தியில் இருப்பது குளித்து எடுத்த பழைய முத்து. அதைப் பிளாஷ் போட்டு எடுத்தால் வருவது முத்தின் படமல்ல, விளக்கின் படம். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குள் உற்றுப் பார்த்தால் காமிராவும், காமிராவுக்குப் பின்னால் தலைமயிர் கலைந்த நானும். முத்தின் நீரோட்டம் மெல்லிய அடுக்குகளுக்குள் ஒளி புகுந்து மீள்வதால் உண்டாவது. அதற்கு அகன்ற, மெல்லிய ஒளி வேண்டும். தம்பியின் வேட்டி அதற்கும் உதவியது. முத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

இப்படியாகப் பத்து மாதம் கழிந்தது. இதற்கிடையில்தான் அம்மா தம் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதலில் பஞ்சாங்கத்தின் எழுத்து வளைகிறது என்றார். பிறகு, எதிரே வருபவரின் சேலை தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை என்றார். மருத்துவர் சோதித்துவிட்டு, மாக்குலா என்று சொல்லப்படும் விழித்திரையின் நடுப்பகுதி இரு கண்களிலும் மூப்பால் தேய்ந்துவிட்டது என்றார். ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை மீளாது. பெரிதாகவும், பின்னணியினின்று நன்றாகப் பிரிந்தும் இருப்பதே இனிக் கண்ணுக்குப் புலப்படும் என்று விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பூ இந்த வருசம் எப்பம் பூக்கும்?"

அதன்பின் என் பொழுதுபோக்கு பொழுதுபோக்காக இருக்கவில்லை. எடுத்த படங்களையெல்லாம் தினசரித் தாளின் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அவர் தாளை நேரே பிடிக்காமல், ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி, கடைக்கண்ணால் பார்ப்பார். மஞ்சள் பூவரசு இளஞ்சிவப்புத் திரையில் இருந்தால், "ஏதோ கலங்கலா இருக்கு." அதே பூ கருநீலத்தில் இருந்தால், "பூவரசம்பூ, நடுவுல செவப்பு." எனக்கு அழகாகத் தோன்றிய படங்களில் பாதி அவருக்கு வெறும் தாள். மென்மையான பச்சை, புகை போன்ற ஊதா என்று நான் மெச்சிக்கொண்டவை எல்லாம் ஒதுக்கப்பட்டன. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, பூவுக்கும் திரைக்கும் ஒளியில் எவ்வளவு வேற்றுமை இருக்கிறது என்று அளக்கக் கற்றுக்கொண்டேன். கிருஷ்ணன் பயன்பட்டார் என்று சொன்னது இதைத்தான்.

இந்த ஆவணியில் இரண்டு மொட்டுக்கள் வந்தன. ஒன்று சிறிதாக இருக்கும்போதே உதிர்ந்துவிட்டது. மற்றது வளைந்து நிமிர்ந்த அன்று பிற்பகலே, நானும் தம்பி மகனும் தொட்டியை முன்னறைக்குத் தூக்கி வந்தோம். திரைக்கு எந்த நிறம் என்பதில் ஒரு தர்க்கம் நடந்தது. வெள்ளைப் பூவுக்குக் கறுப்பைவிட எடுப்பான பின்னணி இல்லை. "கறுப்பு வேண்டாம்டி, பூவுக்குப் பின்னால" என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அரக்குப் புடவையை நினைத்தேன். ஆனால் இந்தப் பூவின் வெளியிதழ்கள் மெலிந்து, சிவந்த பழுப்பு நிறமாக இருக்கும். அரக்கில் அவை கரைந்து போகும். கரும்பச்சையில் தண்டு கரையும். மிஞ்சியது கருநீலம். பூவரசுக்கு நான் கட்டிய புடவை என்னுடையது, இடையில் கிழிந்துவிட்டது. பெட்டியின் அடியில் அம்மாவின் கருநீல நூல் புடவை ஒன்று இருந்தது. அப்பா இருந்தபோது தீபாவளிக்கு எடுத்தது. அதன்பின் அம்மா உடுத்தவில்லை. கேட்பதற்கு எனக்குத் தயக்கம். அவராகவே, "அத எடுத்துக்கோ" என்றார்.

புடவையைப் பூவுக்கு 3 அடி பின்னால் கட்டினோம். விளக்கைக் காமிராவிலிருந்து கழற்றி, வலப்பக்கம் சற்று மேலே, வேட்டிக்குப் பின்னால் தம்பி மகன் பிடித்துக்கொண்டான். காமிராவின் சொந்த யோசனைகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஒளியின் அளவை நானே வைத்தேன். முதல் படத்தில் இதழ் வெளுத்தது. விளக்கின் பலத்தைப் பாதியாக்கினேன். அடுத்ததில் புடவை இருண்டு ஏறக்குறையக் கறுப்பாயிற்று. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துப் புடவையை ஓர் அடி முன்னால் இழுத்தோம். ஒன்பதரை மணிக்கு வெளியிதழ்கள் பிரிந்தன. பத்தே முக்காலுக்குப் பூவின் வாய் திறந்து உள்ளே வெண்பட்டு நூல்களைப் போலக் கேசரங்கள் தெரிந்தன. நடுவில் சூல்முடி சிறு நட்சத்திரம் போல நீட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு எடுத்த படத்தில் ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் ஒரு மெல்லிய நிழல் விழுந்து, இதழுக்கு இதழ் தனித்து நின்றது. அந்த நிழலுக்காகத்தான் பன்னிரண்டு மாதம் காத்திருந்தேன். அறை முழுவதும் மணம். பையன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தேன். அம்மா ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தாளை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். விரலை எடுத்து, தாளைத் தொடாமல், இதழ்களின் விளிம்பை ஒட்டிச் சுற்றி வந்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒண்ணு இருக்குல்லா?" என்றார்.

"ஆமாம், அம்மா."

இன்னும் சிறிது நேரம் பார்த்தார்.

"ஏட்டி, சேலையில ஆணி ஒண்ணும் அடிக்கலையே?"

"இல்லை அம்மா, துணிக்கிளிப்தான் போட்டேன்" என்றேன்.